வெற்றிடமானியும் வாயுவின் இயல்பும்

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களுக்குக் கத்திரிக்கோலின்மீது ஒரு தனிப்பற்று உண்டு. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லும் மூலத்தைக் கண்டால் கை துடிக்கும். கூறியது கூறலை நூற்குற்றங்களுள் ஒன்றாக நம் இலக்கண ஆசிரியர்கள் எண்ணி வைத்திருப்பதனால், வெட்டுவதற்கு மரபின் துணையும் இருக்கிறது என்னும் துணிவு வேறு. சில ஆண்டுகளுக்கு முன் அந்தத் துணிவினால் நான் ஒரு பிழை செய்தேன். தொழிற்பயிற்சி பெறும் இளைஞர்களுக்கென எழுதப்பட்ட கருவிக் கையேடு ஒன்றைத் தமிழாக்கும் வேலை என்னிடம் வந்திருந்தது. வெற்றிடத்தின் அழுத்தத்தை அளக்கும் மானியைப் பற்றியது அக்கையேடு. அதில் அழுத்தம் என்ற சொல் வரும் இடந்தோறும் 'நைட்ரஜனுக்குச் சமமான' என்ற அடைமொழி ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரே பக்கத்தில் ஏழு இடங்களில் அதைக் கண்டேன். முதல் இடத்தில் மட்டும் நிறுத்தி, ஏனைய ஆறிலும் நீக்கிவிட்டேன். வாக்கியங்கள் நன்றாக ஓடின.

கையேட்டைச் சரிபார்த்தவர் கருவிகளோடு பழகி முதிர்ந்த ஒரு தொழில்நுட்ப அறிஞர். ஆறு இடங்களிலும் அவர் அந்த அடைமொழியைச் சிவப்பு மையால் மீண்டும் எழுதியிருந்தார். ஓரத்தில் ஒரே ஒரு வரி: "ஐயா, இந்தச் சொல் இல்லையேல் இந்த எண்ணுக்குப் பொருள் இல்லை, சில வேளைகளில் இதைப் படிப்பவனுக்கு உயிரும் இல்லை."

கலை பயின்று பட்டம் பெற்றவன் நான். அழுத்தம் என்றால் அழுத்தந்தானே, அதில் நைட்ரஜனுக்கு என்ன வேலை என்று வியந்தேன். ஒரு கலத்திற்குள் ஆர்கான் இருந்தால் ஓர் எண்ணும், ஹைட்ரஜன் இருந்தால் வேறோர் எண்ணும் காட்டுகின்ற கருவியை அளவைக் கருவி என்று எப்படிச் சொல்வது? அந்த வியப்பைத் தீர்த்துக்கொள்ள முயன்றபோது மூன்றரை நூற்றாண்டுக்கு மேற்பட்ட ஒரு வரலாறு கண்முன் விரிந்தது. அதையே நேயர்களுடன் ஈண்டுப் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

முதலில் வெற்றிடம் என்ற சொல்லைப் பற்றி ஒரு குறிப்பு. அது சற்று மிகைப்படக் கூறும் சொல். எவ்வளவு திறமையான பம்பைக் கொண்டு இறைத்தாலும் கலத்திற்குள் சில மூலக்கூறுகள் எஞ்சியே தீரும். வெளிக்காற்றின் அழுத்தத்தில் ஏறத்தாழ எழுபத்தாறாயிரம் கோடியில் ஒரு பங்கே எஞ்சியிருக்கும் மிகச் சிறந்த வெற்றிடத்திலும், ஒரு கன சென்டிமீட்டருக்கு மூன்று கோடிக்கு மேற்பட்ட மூலக்கூறுகள் ஓடித் திரிகின்றன. ஆகவே வெற்றிடத்தை அளப்பதென்றால், அங்கே இன்னும் எவ்வளவு வாயு எஞ்சியிருக்கிறது என்று அளப்பதேயாகும்.

இந்த அளவையின் தொடக்கம் இத்தாலியிலே. ஆழமான கிணறுகளிலிருந்து நீரை உறிஞ்சும் பம்புகள் ஏறத்தாழப் பத்து மீட்டருக்கு மேல் நீரை ஏற்ற மறுத்தன. இதன் காரணத்தை ஆராய்ந்த எவாஞ்சலிஸ்டா டாரிசெல்லி, 1643-ஆம் ஆண்டில் நீருக்குப் பதிலாகப் பாதரசத்தைப் பயன்படுத்தும் சோதனையை வகுத்தார். ஒரு முனை மூடிய கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிரப்பி, அதைப் பாதரசத் தொட்டியொன்றில் தலைகீழாக நிறுத்தினால், உள்ளிருக்கும் பாதரசம் சுமார் 760 மில்லிமீட்டர் உயரத்தில் நின்றுவிடுகிறது. அதன் மேலே வெற்றிடம். வெளியே இருக்கும் காற்றின் பாரமே அந்தப் பாதரசத் தம்பத்தைத் தாங்கி நிற்கிறது. பாதரசம் ஒரு மில்லிமீட்டர் ஏறும் அளவான அழுத்தத்திற்கு இன்றும் அவர் பெயரால் 'டார்' என்ற அலகு வழங்கி வருகிறது.

டாரிசெல்லியின் குழாய் ஒரு தராசு. தராசுத் தட்டுக்கு அரிசியும் ஒன்றே, பொரியும் ஒன்றே. ஒரு கிலோ என்றால் ஒரு கிலோதான். பாதரசத் தம்பத்தை அழுத்துவது காற்றாயினும், கரியமில வாயுவாயினும், ஹைட்ரஜனாயினும் அது கவலைப்படுவதில்லை. வாயுவின் அழுத்தம் என்பது மூலக்கூறுகள் சுவரில் மோதுவதனால் உண்டாகும் தள்ளுவிசை. ஒரே வெப்பநிலையில், ஒரே கன அளவில், ஒரே எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருந்தால் எந்த வாயுவிலும் அழுத்தம் ஒன்றே என்பது 1811-இல் அவகாட்ரோ கூறிய கருத்தின் வழியே நாம் அறிந்தது. இலேசான மூலக்கூறு விரைந்து ஓடி அடிக்கடி மோதுகிறது, கனமானது மெல்ல ஓடி எப்போதாவது மோதினாலும் பலமாக மோதுகிறது, கணக்கு சரியாகிவிடுகிறது. ஆகவே அழுத்தத்தை நேராக அளக்கும் வரையில் வாயு இன்னது என்ற கேள்வி எழுவதற்கே இடமில்லை.

தொல்லை எங்கே தொடங்கிற்று? அழுத்தம் மிகவும் குறைந்தபோது தொடங்கிற்று. ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு உயர வேறுபாட்டை எந்தக் கண் காணும்? 1855-இல் ஜெர்மனியில் கைஸ்லரும், 1865-இல் இங்கிலாந்தில் ஸ்ப்ரெங்கலும் பாதரசத்தைக் கொண்டு இயங்கும் புதிய பம்புகளைச் செய்த பின்பு, வெற்றிடம் டாரிசெல்லியின் அளவுகோலுக்கு அடங்காமற் போயிற்று. உண்டாக்க முடிந்ததை அளக்க முடியவில்லை.

இந்தக் குறையைத் தீர்த்தவருக்கு நம் நாட்டோடு ஒரு தொடர்பு உண்டு. இந்தியாவின் பொதுப்பணிகளுக்கு வேண்டிய பொறியாளர்களைப் பயிற்றுவதற்காக இங்கிலாந்தில் கூப்பர் குன்று என்னுமிடத்தில் அரச இந்தியப் பொறியியற் கல்லூரி ஒன்று இருந்தது. நம் ஊர்களில் பாலமும் அணையும் பாதையும் அமைக்க வந்தவர்களுள் பலர் அங்கே படித்தவர்களே. அக்கல்லூரியில் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்த ஹெர்பர்ட் மக்ளவுட், 1874-ஆம் ஆண்டில் ஓர் எளிய உபாயத்தை வெளியிட்டார். அளக்க முடியாத அளவுக்கு அழுத்தம் குறைவாக இருக்கிறதா? அந்த வாயுவில் ஒரு பெரிய குமிழளவு எடுத்துக்கொள். பாதரசத்தை மேலேற்றி அதை ஒரு நுண்குழாய்க்குள் பத்தாயிரத்தில் ஒரு பங்கு இடத்திற்கு நெருக்கு. ராபர்ட் பாயில் 1662-இல் கண்ட விதியின்படி அதன் அழுத்தம் பத்தாயிரம் மடங்கு பெருகும். ஆயிரத்தில் ஒரு டார் இப்போது பத்து டார் ஆகிவிட்டது. இதைக் கண்ணால் அளக்கலாம். அளந்து பத்தாயிரத்தால் வகுத்துக்கொள்ளலாம்.

மக்ளவுட்டின் மானியும் தராசு மரபைச் சேர்ந்ததே. பாயிலின் விதி எல்லா வாயுக்களுக்கும் பொது. ஆதலால் கருவிக்குள் இருப்பது இன்ன வாயு என்று கேட்கவேண்டிய தேவை இல்லை. ஒரே ஒரு விலக்கு உண்டு. நெருக்கும்போது நீராவி நீராகிவிடும். நீரான பிறகு அது பாயிலின் விதிக்குக் கட்டுப்படாது. ஆகவே ஈரமுள்ள வெற்றிடத்தில் மக்ளவுட் மானி உண்மையைவிடக் குறைவான எண்ணையே சொல்லும். இந்த விலக்கை அறிந்துகொண்டு பயன்படுத்தினால், ஏனைய மானிகளையெல்லாம் ஒத்துப்பார்க்கும் மூலமாக இதைக் கொள்ளலாம் என்று அறிஞர் கருதினர். அவ்வாறே ஏறக்குறைய ஒரு நூற்றாண்டுக் காலம் கொண்டனர்.

ஆயினும் ஆய்வுக்கூடத்துக்கு ஏற்ற கருவி தொழிற்சாலைக்கு ஏற்றதாக இருப்பதில்லை. 1879-இல் எடிசனின் மின்விளக்கு ஒளிர்ந்த பின்பு, கண்ணாடிக் குமிழ்களிலிருந்து காற்றை அகற்றும் வேலை பெருந்தொழிலாயிற்று. ஒவ்வொரு முறையும் பாதரசத்தை ஏற்றி, இறக்கி, உயரம் பார்த்து, கணக்குப் போட்டுக்கொண்டிருந்தால் விளக்குகள் எப்போது விற்பனைக்குப் போவது? பாதரசத்தின் நச்சாவி வேறு. பெர்லின் நகரில் சீமென்ஸ்-ஹால்ஸ்கே நிறுவனத்தின் விளக்குத் தொழிற்சாலையில் பணியாற்றிய மார்செல்லோ பிரானி என்ற இளம் பௌதிக அறிஞர், தாமே இடைவிடாது எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும் ஒரு மானியை 1906-இல் வெளியிட்டார். விளக்கைச் செய்தவரே அளவைக் கருவியையும் செய்தமையால், கருவியின் உள்ளுறுப்பும் விளக்கின் உள்ளுறுப்பேயாயிற்று. அதுதான் மின்சாரத்தால் சூடேறும் மெல்லிய இழை.

பிரானியின் யுக்தி இது. சூடான இழையைச் சுற்றி வாயு இருந்தால், மூலக்கூறுகள் வந்து மோதி, இழையின் வெப்பத்தைக் கொஞ்சங் கொஞ்சமாக எடுத்துச் செல்கின்றன. வாயு மிகுதியாயின் இழை குளிர்கிறது, குறைந்தால் சூடாகிறது. உலோக இழை சூடானால் அதன் மின்தடை கூடும். ஆகவே மின்தடையை அளந்தால் இழையின் வெப்பநிலை தெரியும். வெப்பநிலை தெரிந்தால் வாயுவின் அளவு தெரியும். அதே 1906-ஆம் ஆண்டில் ஃபோகே என்பவர், சூடான இழையின் வெப்பநிலையை வெப்பமின் இரட்டையால் நேராக அளக்கும் மானியை வெளியிட்டார். இரண்டின் அடிப்படையும் ஒன்றே.

இங்கேதான், நேயர்களே, அளவை முறை தன் இயல்பில் மாறிவிட்டது. டாரிசெல்லியும் மக்ளவுட்டும் தராசால் நிறுத்தனர். பிரானியோ படியால் அளந்து எடையைச் சொல்கிறார். ஒரு படி அரிசி இவ்வளவு எடை என்று ஒருமுறை நிறுத்துப் பார்த்துப் படியின்மேல் எழுதிவைத்துக்கொண்டால், பிறகு அரிசியை நிறுக்க வேண்டியதில்லை. படியால் அளந்தே எடையைச் சொல்லிவிடலாம். ஆனால் அந்தப் படியில் ஒருவன் பொரியைக் கொட்டி அளந்தால் என்னாகும்? படியின்மேல் எழுதிய எண் பொய்யாகிவிடும். பிழை படியினுடையதா? அன்று. எழுதிய எண் அரிசிக்கு உரியது என்பதை மறந்தவனுடையதே பிழை.

வெப்பத்தை எடுத்துச் செல்வதில் வாயுவுக்கு வாயு வேறுபாடு இருப்பது ஏன்? ஸ்காட்லாந்து அறிஞர் மாக்ஸ்வெல் 1860-இல் வாயுக்களின் இயக்கக் கொள்கையை வகுத்தபோது, விந்தையான ஓர் உண்மை வெளிப்பட்டது. சாதாரண அழுத்தங்களில் வாயுவின் உராய்வு அதன் அழுத்தத்தைப் பொறுத்து மாறுவதில்லை. வெப்பத்தைக் கடத்தும் திறனும் அப்படியே. காற்றைப் பாதியாகக் குறைத்தாலும் அது கடத்தும் வெப்பம் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். தூதர்கள் பாதியாகக் குறைகின்றனர். ஆனால் வழியில் ஒருவரையொருவர் இடித்துக்கொள்ளாமல் இரு மடங்கு தூரம் போகின்றனர். அழுத்தம் மிகக் குறைந்து, மூலக்கூறுகள் தம்முள் மோதாமல் இழைக்கும் சுவருக்கும் இடையே நேராக ஓடும் நிலை வந்த பிறகே, வெப்பக் கடத்தல் மூலக்கூறுகளின் எண்ணிக்கைக்கு ஏற்பக் குறையத் தொடங்கும். காற்றில் அழுத்தம் நூற்றில் ஒரு டாராகக் குறையும்போது, ஒரு மூலக்கூறு மோதலின்றிச் செல்லும் சராசரித் தூரம் ஏறத்தாழ அரை சென்டிமீட்டர். பிரானி மானிக்கு ஏற்ற களம் இதுவே.

இக்களத்தில் மூன்று காரணங்கள் வாயுக்களை வேறுபடுத்துகின்றன. முதலாவது வேகம். அறையின் வெப்பநிலையில் ஹைட்ரஜன் மூலக்கூறு விநாடிக்குச் சராசரி 1,700 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. நைட்ரஜன் சுமார் 470 மீட்டர். ஆர்கான் 400 மீட்டருக்கும் சற்றுக் குறைவு. விரைந்து ஓடுபவன் அதிக முறை வந்து வெப்பத்தைச் சுமந்து செல்கிறான். இரண்டாவது, சுமக்கும் திறன். ஆர்கானும் ஹீலியமும் ஒற்றையணு வாயுக்கள். ஓடுவதற்கான ஆற்றலை மட்டுமே சுமக்கும். நைட்ரஜனைப் போன்ற ஈரணு மூலக்கூறுகள் ஓடுவதோடு சுழலவும் செய்கின்றன. அந்தச் சுழற்சியிலும் ஆற்றலை அடக்கிச் செல்கின்றன. மூன்றாவது, உலோகத்தின் மேற்பரப்போடு மூலக்கூறு எவ்வளவு நேரம் உறவாடுகிறது என்பது. ஹீலியத்தைப் போன்ற இலேசான வாயு இழையில் பட்டவுடன் துள்ளி ஓடிவிடுகிறது; இழையின் வெப்பத்தை முழுவதும் வாங்கிக்கொள்வதில்லை. இம்மூன்றும் சில வாயுக்களில் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. சிலவற்றில் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. ஆதலால் வெறும் கணக்கினால் மட்டும் தீர்க்க இயலாது. வாயுதோறும் ஒத்துப்பார்த்து அட்டவணை எழுதவேண்டியதாயிற்று.

நைட்ரஜனுக்கு ஒத்துப்பார்த்த பிரானி மானி குறைந்த அழுத்தத்தில் காட்டும் எண்ணை, ஆர்கானாயின் ஏறத்தாழ 1.7 ஆல் பெருக்கவேண்டும், கிரிப்டானாயின் 2.4 ஆல் பெருக்கவேண்டும். ஹைட்ரஜனாயின் எண்ணைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்துக்கொள்ளவேண்டும். கரியமில வாயு நைட்ரஜனுக்கு அணுக்கமாகவே நடந்துகொள்கிறது.

இழைமானிக்கும் ஓர் எல்லை உண்டு. அழுத்தம் ஆயிரத்தில் ஒரு டாருக்கும் கீழே மிகவும் இறங்கினால், வாயு எடுத்துச் செல்லும் வெப்பம் அற்பமாகிவிடும். ஒளிக்கதிராகவும் இழையின் முனைகள் வழியாகவும் கசியும் வெப்பமே மிஞ்சும். வானொலி வால்வுகளும் நெடுந்தொலைவுத் தொலைபேசியும் வளர்ந்த காலத்தில் இதைவிட நுட்பமான மானி தேவைப்பட்டது. 1916-இல் அமெரிக்காவில் ஆலிவர் பக்ளி அயனி மானியை விவரித்தார். பிற்காலத்தில் பெல் ஆய்வுக்கூடங்களின் தலைவராக விளங்கியவர் இவர். சூடான இழையிலிருந்து புறப்படும் எலெக்ட்ரான்கள் வழியில் எதிர்ப்படும் மூலக்கூறுகளை மோதி, அவற்றினின்று ஓர் எலெக்ட்ரானைத் தட்டிவிடுகின்றன. எலெக்ட்ரானை இழந்த மூலக்கூறு அயனியாகிறது. அயனிகளைத் தனியே திரட்டி அந்த மின்னோட்டத்தை அளந்தால், மூலக்கூறுகள் எத்தனை என்று கணிக்கலாம். 1950-இல் பேயர்டும் ஆல்பெர்ட்டும் திருத்தியமைத்த வடிவில் இந்த மானி மிக உயர்ந்த வெற்றிடங்களுக்கும் எட்டியது; இன்றளவும் பயன்பட்டு வருகிறது.

இதுவும் படிக்கணக்கே, படிதான் வேறு. எலெக்ட்ரானை எளிதில் இழக்கும் வாயு பல அயனிகளைத் தரும். இறுகப் பற்றிக்கொண்டிருக்கும் வாயு சிலவற்றையே தரும். அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் சால் டஷ்மன், ஃபவுண்ட் என்னும் இருவர், 1920-களின் முற்பகுதியில் பல வாயுக்களை அயனி மானியில் வைத்து ஆராய்ந்தனர். ஒரு மூலக்கூற்றில் எத்தனை எலெக்ட்ரான்கள் உள்ளனவோ ஏறத்தாழ அதற்கு ஏற்பவே மானியின் கூர்மையும் அமைகிறது என்று அவர்கள் கண்டனர். இரண்டே எலெக்ட்ரான்களையும் இறுகப் பிடித்துக்கொண்டிருக்கும் ஹீலியத்திற்கு மானி உண்மையில் ஐந்தில் ஒரு பங்குகூடக் காட்டுவதில்லை. ஐம்பத்துநான்கு எலெக்ட்ரான்கள் கொண்ட செனானுக்கோ கிட்டத்தட்ட மூன்று மடங்காகக் காட்டுகிறது. ஆர்கானுக்கு ஏறத்தாழ 1.3 மடங்கு.

இனி ஒரு கலத்தில் ஆயிரத்தில் ஒரு டார் அழுத்தத்தில் ஆர்கானை நிரப்பி, இரு மானிகளையும் அதில் பொருத்துவோம். பிரானி மானி பதினாயிரத்தில் ஆறு என்கிறது. அயனி மானி பதினாயிரத்தில் பதின்மூன்று என்கிறது. ஒன்று குறைத்துச் சொல்கிறது; மற்றது கூட்டிச் சொல்கிறது. வழக்குமன்றத்தில் இப்படிச் சாட்சிகள் முரண்பட்டால் இருவரில் ஒருவர் பொய்யர் என்போம். இங்கோ இருவரும் மெய்யர். ஒருவர் வெப்பத்தைக் கண்டார். மற்றவர் அயனியைக் கண்டார். கண்டதை இருவரும் நைட்ரஜனின் மொழியில் பெயர்த்துச் சொன்னார்கள். அழுத்தத்தையோ இருவருமே காணவில்லை.

'நைட்ரஜனுக்குச் சமமான' என்ற அடைமொழியின் பொருள் எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. "நான் கண்ட வெப்பத்தை நைட்ரஜன் மட்டுமே எடுத்துச் சென்றிருந்தால், அதன் அழுத்தம் இவ்வளவு இருந்திருக்கும்" என்று மானி நிபந்தனையோடு சொல்கிறது. நிபந்தனையை நீக்கிவிட்டு எண்ணை மட்டும் எழுதினால், சொல்லாததைச் சொன்னதாகச் சாதிக்கும் குற்றத்தைச் செய்கிறோம்.

இந்த நிபந்தனை நடைமுறையில் பெரும்பாலும் நிறைவேறுவதுமில்லை. இறைக்கத் தொடங்கும்போது கலத்தில் இருப்பது காற்று. காற்று போன பிறகு எஞ்சி நிற்பதில் பெரும்பகுதி, சுவர்களில் ஒட்டியிருந்து மெல்ல மெல்ல விடுபடும் நீராவி. கலத்தைச் சூடேற்றி அதையும் ஓட்டிவிட்டால், எஃகின் உள்ளிருந்து கசியும் ஹைட்ரஜனே அரசாளும். நைட்ரஜனுக்கென்று எழுதப்பட்ட அயனி மானியின் எண்ணைக் கண்டு மகிழ்பவர், அங்கே நைட்ரஜன் அற்பம், ஹைட்ரஜனே பெரிது என்பதையும், உண்மை அழுத்தம் எண்ணைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு என்பதையும் நினைவிற்கொள்ளவேண்டும்.

படிகள் ஒன்றோடொன்று முரண்படும்போது தராசையன்றோ கேட்கவேண்டும்? அதற்காகவே மக்ளவுட் மானி இருந்தது. ஆனால் அந்தத் தராசின் முள்ளிலும் ஒரு கோணல் மறைந்திருந்தது. மானியின் பாதரச ஆவி கலத்திற்குள் புகாமல் தடுக்க, இடையே கடுங்குளிரூட்டிய பொறியொன்றை வைப்பது வழக்கம். பாதரச ஆவி மானியிலிருந்து அந்தக் குளிர்ப்பொறியை நோக்கி இடையறாது ஓடிக்கொண்டிருக்கும். ஓடும் ஆறு மிதக்கும் சருகை அடித்துச் செல்வதுபோல, அந்த ஆவி வாயு மூலக்கூறுகளையும் மானியிலிருந்து அப்பால் அடித்துச் சென்றுவிடுகிறது. ஆகவே மானிக்குள் அழுத்தம் கலத்தினுள் இருப்பதைவிடக் குறைகிறது. ஜெர்மானிய அறிஞர் கேடே 1915-இலேயே இதைச் சுட்டியிருந்தும் பலர் பொருட்படுத்தவில்லை. 1961-இல் ஜப்பானிய அறிஞர்களான இஷீ, நகயாமா இருவரும் இதனால் விளையும் பிழை சிறிதன்று என்று மெய்ப்பித்தனர். கனமான வாயுக்களை ஆவியின் ஓட்டம் நன்றாக இழுத்துச் செல்கிறது; ஹீலியத்தைப் போன்ற இலேசானவை எதிர்நீச்சல் அடித்துத் தப்பிவிடுகின்றன. வாயுவின் இயல்பைப் பொருட்படுத்தாத கருவி என்று நம்பியிருந்த மக்ளவுட் மானியும் வாயுவைப் பொறுத்தே பிழைபட்டது. அதைக் கொண்டு ஒத்துப்பார்த்த பழைய அட்டவணைகள் பலவற்றை ஐயத்துடன் நோக்கவேண்டிய நிலை ஏற்பட்டது.

இவையெல்லாம் ஆய்வாளரின் கவலைகள் அல்லவோ, சிவப்பு மைக்காரர் எழுதிய உயிர்க்கவலை எங்கே என்று நேயர்கள் கேட்கலாம். அது வெற்றிடத்தின் மறுகரையில், வெளிக்காற்றின் அழுத்தத்திற்கு அருகே இருக்கிறது. வாயு சூடாகி மேலெழும் சலனத்தையும் துணையாகக் கொண்டு, சாதாரணக் காற்றழுத்தம் வரையில் எண்காட்டும் இழைமானிகள் உண்டு. மாக்ஸ்வெல் சொன்னதை இங்கே நினைவுகூர வேண்டும். அந்த எல்லையில் அழுத்தம் பெரிதும் ஏறினாலும் வெப்ப இழப்பு சிறிதே ஏறும். ஆகவே இரு வாயுக்களின் கடத்துதிறனில் உள்ள சிறு வேறுபாடும் காட்டும் எண்ணில் மலையளவு வேறுபாடாகிவிடும். வெப்பத்தை மந்தமாகக் கடத்தும் ஆர்கானைக் கலத்தில் விடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே 760 டார் முழுவதும் நிரம்பிவிட்ட பின்பும், இத்தகைய மானி இருபது டாருக்குச் சற்று மேலான எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கையேட்டைப் படித்த இளைஞன், கலம் இன்னும் நிரம்பவில்லை, வெற்றிடமாகவே இருக்கிறது என்று எண்ணி அடைப்பானை மேலும் திறப்பான். 760 என்ற எண் தோன்றட்டும் என்று காத்திருப்பான். அது தோன்றுமுன் கண்ணாடிச் சாளரம் வெடித்து அவன் முகத்தில் சிதறும். கருவிகளைச் செய்வோரே இந்த அபாயத்தைத் தம் கையேடுகளில் எச்சரிக்கின்றனர். நடை நன்றாக ஓடவேண்டும் என்பதற்காக நான் வெட்டியெறிந்த சொல் அந்த எச்சரிக்கையின் ஒரு பகுதி.

ஆயினும் இந்த வரலாறு குறையோடு முடிந்துவிடவில்லை. அறிந்துகொண்ட குறை கருவியாகும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது. குழாயின் இணைப்பில் எங்கோ நுண்துளை; கண்ணுக்குத் தெரியவில்லை. ஐயமுள்ள இடத்தில் சிறிது சாராயத்தைத் தடவினால், துளையின் வழியே காற்றுக்குப் பதில் அதன் ஆவி புகுகிறது; வாயு மாறியவுடன் இழைமானியின் முள் துள்ளுகிறது. ஓட்டை அங்கேதான் என்று அறிந்துகொள்கிறோம். ஹீலியத்தைப் பீச்சியும் இவ்வாறே காணலாம்.

இதனினும் சிறந்தது மருந்துத் தொழிலில் உள்ள பயன். தடுப்பூசி மருந்துகள் சிலவற்றை உறையவைத்து, வெற்றிடத்தில் அவற்றின் பனியை ஆவியாக்கி, உலர்ந்த தூளாக்கிக் காக்கின்றனர். ஈரம் மிகுதியாக எஞ்சினால் மருந்து நாளடைவில் கெடும். உலர்ந்துவிட்டதா என்று மூடிய கலத்தைத் திறவாமல் எப்படி அறிவது? இரு மானிகளை ஒன்றாகப் பொருத்துகின்றனர். ஒன்று மெல்லிய தகட்டின் வளைவைக் கொண்டு அழுத்தத்தை நேராக அளக்கும் தகட்டுமானி. அது தராசு மரபினது. மற்றது பிரானி மானி. பனி ஆவியாகும் வரையில் கலம் முழுவதும் நீராவி. நீராவிக்குப் பிரானி மானி ஏறத்தாழ 1.6 மடங்கு கூட்டிக் காட்டும். ஈரம் தீரத் தீரக் கலத்தில் நைட்ரஜன் ஓங்குகிறது. பிரானியின் எண் இறங்கி இறங்கித் தகட்டுமானியின் எண்ணோடு வந்து சேர்கிறது. இரு சாட்சிகளும் ஒத்துப்போகும் அந்த வேளையே உலர்த்தும் வேலை முடியும் வேளை. முரண்பாடு எவ்வளவு என்று அளந்ததே ஈரம் எவ்வளவு என்று அளந்ததாயிற்று.

நம் நாட்டில் அழுத்தத்திற்கும் வெற்றிடத்திற்கும் உரிய மூல அளவைகளைக் காத்துவருவது புதுதில்லியில் உள்ள தேசிய பௌதிக ஆய்வுக்கூடம். 1950 ஜனவரி 21 அன்று சர்தார் வல்லபாய் படேல் அதைத் திறந்துவைத்தார். அதன் முதல் இயக்குநர் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். வெற்றிடத்தில் மின்சாரத்தால் சூடாக்கப்படும் மெல்லிய கம்பியில் வெப்பநிலை இடத்துக்கிடம் எவ்வாறு பரவியிருக்கும் என்பதை ஜெயின் என்பவருடன் சேர்ந்து அவர் ஆராய்ந்து, 1954 முதல் கட்டுரைகளாக வெளியிட்டார். வாயுவே இல்லாதபோது சூடான இழை தன் வெப்பத்தை எவ்வாறு இழக்கிறது என்ற அக்கணக்கு, பிரானி மானி தன் கீழெல்லையில் சந்திக்கும் கேள்வியேயாகும்.

இன்று சில நாடுகளின் அளவைக்கூடங்கள் பாதரசத்தை விட்டு விலகி, லேசர் ஒளி வாயுவினுள் செல்லும்போது எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் கொண்டு அழுத்தத்தைக் கணிக்க முற்பட்டிருக்கின்றன. ஒளியைத் தாமதப்படுத்துவதிலும் வாயுவுக்கு வாயு வேறுபாடு உண்டு. ஆகவே அவர்கள் இன்ன வாயு என்ற கேள்வியை முதலிலேயே கேட்டுவிடுகின்றனர். அமைப்பில் மிக எளிய ஹீலியத்தைத் தேர்ந்து, அதன் பண்பைக் குவாண்டக் கொள்கையால் கணக்கிட்டு, அதன்மேல் அளவையை நிறுவுகின்றனர். டாரிசெல்லிக்குத் தேவைப்படாத கேள்வி, பிரானிக்குத் தொல்லையாக இருந்த கேள்வி, இப்போது அடித்தளமாகிவிட்டது.

அந்தக் கையேடு ஏழு அடைமொழிகளுடனும் அச்சாகி வெளிவந்தது. வாக்கியங்கள் சற்று முடமாகத்தான் நடக்கின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் இப்போது நான் வருந்துவதில்லை. கூறியது கூறல் குற்றமே. ஆனால் எண் வரும் இடந்தோறும் அது எதனுடைய எண் என்று கூறுவது அக்குற்றத்தில் சேராது என்று எனக்குள் ஒரு புறனடை எழுதிக்கொண்டேன். மானியின் முள் ஓர் எண்ணைக் காட்டும்போது, எந்த வாயுவுக்கு என்று கேட்கும் பழக்கம் அந்த இளைஞர்களுக்கு வந்துவிட்டால், அந்தச் சிவப்பு மை வீண்போகவில்லை.